சாவி இல்லாத வண்டியும் பதினாலு சாவியும்

டிஸ்கி: எந்தக் கம்பெனி வண்டின்னு யாரும் கேக்கப்படாது, சொல்ல மாட்டேன். வண்டி மேல தப்பு கொஞ்சம், என் மேல தப்பு நிறைய.

ஆணி அதிகமாப் போனதால இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசமாச்சு மக்களே. நடுவுல அப்பாவுக்கு கண்புரை ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சது. ஆனா டாக்டர் மூணு வாரத்துக்கு தூசி பக்கமே போகக் கூடாதுன்னுட்டார். அப்பா வேலை பாக்குறது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல. அங்க போய் தூசி படாம இருக்கணும்னா தலையில குடம் கவுத்துக்கிட்டுத்தான் போகணும்.

வடசென்னை பக்கம் வராதவங்களுக்காக: பாரிமுனை, ஜார்ஜ் டவுன் சந்துகள்ல அடைஞ்சு கிடந்த இரும்பு வியாபாரத்தை ஊருக்கு வெளியில கொண்டு போகணும்னு சி.எம்.டி.ஏ. அமைச்ச மார்க்கெட் இது. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவுல இருக்கு. கம்பி, ஆங்கிள், சேனல், தகடுன்னு எங்க பாத்தாலும் இரும்பு. ரோட்டுலயும் இரும்பு (பஞ்சர் கடைக்காரங்க நல்லா இருக்காங்க). அப்பா அங்க ஒரு குடோன்ல பொறுப்பாளர். 22 வருஷமா குடோன் சாவிக் கொத்து அவர் இடுப்புல தான். பதினாலு சாவி. தூங்கும்போது மட்டும் தலகாணிக்கு அடியில போகும்.

அந்த மூணு வாரமும் காலையில ஏழே காலுக்கு நான் போய் ஷட்டரைத் திறந்துவிட்டுட்டு, அப்படியே அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்குற ஆபீசுக்கு பொட்டி தட்டப் போகணும்னு முடிவாச்சு. பகல்ல அங்க இருக்க வேற ஆள் உண்டு, சாவி மட்டும் எங்க வீட்டு ஆள் கையில தான் இருக்கணும். இது அப்பாவோட கண்டிஷன்.

நமக்கு என்ன கஷ்டம், பேட்டரி ஸ்கூட்டர் இருக்கு. காலடிப்பேட்டைல வீடு, சாத்தாங்காடு, மூலக்கடை, ரெட்டேரி, பாடின்னு போனா 20 கிலோமீட்டர் வாக்குல வரும். 2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துச்சு, ஆனா அது அம்பத்தூர் பக்கம் போகாதே. அதனால ஸ்கூட்டர் தான்.

கஷ்டம் லக்கேஜ்ல ஆரம்பிச்சது. லேப்டாப் பை, சாப்பாட்டு டப்பா, ரெயின்கோட், கூடவே செங்கல் சைஸ்ல ஒரு சார்ஜர். இந்தக் கம்பெனிக்காரங்க சீட்டுக்கு அடியில இருக்குற டிக்கியை லிட்டர்ல சொல்றாங்க பாருங்க, அதை மாதிரி ஏமாத்து வேலை எதுவும் இல்ல. ஏத்தர் 450எக்ஸ்ல 22 லிட்டர், 2024-ல வந்த ரிஸ்டாவுல 34 லிட்டர், ஓலா எஸ்1 ப்ரோ முதல்ல வந்தப்ப 36 லிட்டர். எல்லாம் சரி தான். நான் தண்ணியா கொண்டு போறேன்? டிக்கி ஹெல்மெட் வடிவத்துல குழியா இருக்கும், லேப்டாப் தட்டையா இருக்கும். குறுக்க வெச்சா சீட் மூடாது, அழுத்தி மூடுனா ஸ்க்ரீன் அம்பேல்.

சரின்னு ஹூக்ல மாட்டுனா, திரும்பும்போதெல்லாம் முட்டியில இடிக்கும். முதுகுல மாட்டுனா மணலி ரோட்ல கன்டெய்னர் ட்ரெய்லருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல போறப்போ, நம்ம அகலம் எவ்வளவுன்னு நமக்கே மறந்துடும். ஒரு தடவை பை போய் ட்ரெய்லர்ல உரசி, திரும்பிப் பாத்தா பக்கத்துல என் உசரத்துக்கு டயர். அன்னிக்கே முதுகுல மாட்டுறதை விட்டேன். கடைசியில கால் வைக்கிற பலகையில பையைப் படுக்க வெச்சு, ஒரு ரப்பர் கயிறு போட்டு இழுத்துக் கட்டுனேன். சார்ஜரை வீட்லயே விட்டேன். அப்பாவோட டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல டிக்கியே கிடையாது. முன்னாடி காலி இடம், அவ்வளவு தான். அரிசி மூட்டை, சிலிண்டர், சின்ன வயசுல நான்னு எல்லாம் அங்கயே வந்திருக்கு. 1980-ல ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 வந்தப்பவே கண்டுபிடிச்ச விஷயத்தை நான் ரப்பர் கயிறு கட்டிக் கண்டுபிடிச்சேன் :-)

இப்ப சாவி மேட்டர். என் வண்டிக்கு சாவியே கிடையாது. மொபைல் பக்கத்துல வந்தா முழிச்சுக்கும், இல்லன்னா ஸ்க்ரீன்ல நம்பர் அடிக்கணும். டிக்கிக்கும் சாவி இல்ல, ஸ்க்ரீன்ல ஒரு பட்டன். வாங்குன புதுசுல அப்பாகிட்ட பெருமையா காட்டுனேன். "அப்போ இந்த வண்டி தான் உன்னைப் பூட்டும் திறக்கும், நீ இல்ல"ன்னார். பெருசுங்க இப்படித்தான் பேசும்னு நினைச்சுக்கிட்டேன்.

பதினாலு சாவிக் கொத்தை பேன்ட் பாக்கெட்ல போட்டு வண்டி ஓட்டிப் பாருங்க. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் தொடையில ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். "உடம்போட இருக்கணும்டா"ன்னு அப்பா படிச்சுப் படிச்சு சொன்னார். நான் ரெண்டாம் நாளே டிக்கியில போட்டுட்டேன்.

ஒன்பதாம் நாள். ஏழு பத்துக்கு மார்க்கெட் உள்ள வந்தாச்சு. விசாகப்பட்டினத்துல இருந்து கம்பி லோடு வந்து நின்னுக்கிட்டிருந்தது. எட்டு லோடுமேன்கள் ஷட்டர் வாசல்ல உக்காந்திருந்தாங்க. அஞ்சு நிமிஷம் இருக்கேன்னு வண்டியை நிறுத்திட்டு எதிர்ல டீ குடிச்சேன். திரும்பி வந்தா ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு. தட்டுறேன், தடவுறேன், மொபைலை உரசுறேன். ம்ஹூம். பேட்டரி 71 சதவீதம் இருந்ததை டீக்கு முன்னாடி தான் பாத்தேன்!

அவ்வ்வ்வ்... சாவி உள்ள.

மேஸ்திரி வந்து எட்டிப் பாத்தார். "இன்னா தம்பி, ஸீட்டு தான தொறக்கணும்? கேஸ் கட்டர் கீது, ரெண்டு நிமிசம்." மார்க்கெட்ல எல்லாப் பிரச்சினைக்கும் கேஸ் கட்டர் தான் மருந்து. லித்தியம் பேட்டரி மேல கேஸ் கட்டரா! கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்போ ஷட்டர் பூட்டைக் கட் பண்ணிடலாமா?" அது இன்னும் மோசம். பூட்டை உடைச்சா முதலாளிக்குச் சொல்லணும். டூப்ளிகேட் சாவி அவர் வீட்ல இருக்கு, அதுக்கும் அவருக்குப் போன் பண்ணணும். 22 வருஷத்துல ஒரு நாள் கூட அப்பா அப்படி ஒரு போன் பண்ணதில்ல.

எட்டு மணியாச்சு. லோடுமேன்களுக்கு இறக்குன டன்னுக்குத் தான் கூலி. இங்க முடிச்சுட்டு அடுத்த குடோன்ல ஒரு வண்டி இருக்குன்னு முன்னாடியே பேசி வெச்சிருக்காங்க. யாரும் என்னைத் திட்டல. ஒருத்தர் மட்டும் அடிக்கடி மொபைல்ல மணி பாத்துக்கிட்டே இருந்தார். திட்டியிருந்தா கூட தேவலை.

கஸ்டமர் கேருக்குப் போட்டா பாட்டு பாடுது. அப்புறம் தான் மண்டையில உறைச்சது. இந்த மாதிரி வண்டிகள்ல பெரிய பேட்டரி ஐம்பது வோல்ட் வாக்குல, மோட்டாருக்கு. ஸ்க்ரீன், லைட், டிக்கி லாக் எல்லாத்துக்கும் தனியா ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்சுக்கே அந்தச் சின்னது தான் உயிர் கொடுக்கணும். வண்டி ஓடுறப்ப டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியா பெரிசு சின்னதுக்கு ஊட்டும். நிறுத்திட்டா சின்னது தன் கால்ல நிக்கணும். மூணு வருஷம் ஆன என் சின்னது அஞ்சு நிமிஷம் கூட நிக்கல.

சின்ன பேட்டரி முன்பக்கத் தகட்டுக்குப் பின்னாடி. நாலு ஸ்க்ரூ கழட்டணும். வண்டி கூட வந்த ஸ்க்ரூ டிரைவர் எங்க? டிக்கியில :-(

லாரி டிரைவர் நாமக்கல்காரர். அதுவரைக்கும் கேபின்ல படுத்துக்கிட்டிருந்தவர், ஸ்க்ரூ டிரைவரோட இறங்கி வந்தார். தகட்டைக் கழட்டுனோம். அவர் வண்டியில இருந்து ஒயர் இழுக்கலாம்னு நானே ஐடியா கொடுத்து, ரெண்டு ஓரத்து முனையிலயும் மாட்டப் போனேன். கையைப் பிடிச்சு நிறுத்திட்டார்.

"தம்பி, இது ரெண்டு பேட்டரி சீரியல்ல இருக்குதுங்க. நீங்க எடுக்குறது 24. உங்க வண்டி புகைஞ்சு போயிரும். ஒத்தப் பேட்டரியில எடுங்க."

என்னைப் பெத்த மகராசா! இதுல கொடுமை என்னன்னா நான் நாலு வருஷம் படிச்சது இ.இ.இ. அதை அவர்கிட்ட சொல்லல. உங்ககிட்டயும் சொல்லியிருக்க வேணாம்.

ஒத்தப் பேட்டரியில இருந்து ஒயர் வெச்சதும் ஸ்க்ரீன் முழிச்சது. பட்டனைத் தொட்டேன். டிக்குனு டிக்கி திறந்தது. எட்டே முக்காலுக்கு ஷட்டர் ஏறுச்சு. லோடுமேன்கள் அன்னிக்கு ரெண்டாவது வண்டியைப் பிடிக்க முடியல, வேற கோஷ்டி இறக்கிடுச்சு. மேஸ்திரிகிட்ட பணம் கொடுத்தேன். வாங்கல. சாயங்காலம் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன், அதைச் சாப்பிட்டாங்க. ரெண்டாவது வண்டிக் கூலிக்கு அது ஈடாகாதுன்னு தெரியும்.

அப்பாகிட்ட யாரும் சொல்லல. நானே ராத்திரி சொன்னேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி கண்ணு என்ன சொல்லுச்சுன்னு தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு, "குத்துதுன்னு தான் டிக்கியில போட்டியா? குத்துனா தானடா இருக்குன்னு தெரியும்"னார். மறுநாள் காலையில என் லேப்டாப் பை மேல அவரோட பழைய பெல்ட் இருந்தது, சாவி மாட்டுற வளையத்தோட.

மிச்ச நாள் பூரா அதைத்தான் கட்டிக்கிட்டுப் போனேன். ஆபீஸ்ல ஜெயிலர்னு பேர் வெச்சாங்க. சின்ன பேட்டரியை மாத்திட்டேன். ஸ்க்ரூ டிரைவர் இப்ப சாப்பாட்டுப் பையில இருக்கு.

போன திங்கள் அப்பா வேலைக்குத் திரும்பினார். வாசல்லயே கையை நீட்டி கொத்தை வாங்கி ஒண்ணொண்ணா எண்ணினார். மூணு வாரத்துல பதிமூணு சாவி எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. துருப்பிடிச்ச ஒண்ணு மட்டும் எந்தப் பூட்டுலயும் சேரல. எதுக்குப்பா இதுன்னு கேட்டேன்.

"அது ஜார்ஜ் டவுன்ல இருந்த பழைய கடையோடது"ன்னு சொல்லிட்டு எக்ஸ்.எல்.லை மிதிச்சார்.