ஸ்டிக்கருக்கு அடியில்

2013 ஆகஸ்ட் கடைசி. டாலர் 68 ரூபாயைத் தொட்ட வாரம். ஆபீஸ் பக்கத்துப் பத்திரிகைக் கடையில் ஓர் அமெரிக்க மாத இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அட்டையில் 650 ரூபாய் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால், அடியில் ஆறு டாலர்!

படித்தது பி.காம். ஆச்சே, சும்மா இருக்க முடியுமா?

"ஆறு டாலர்னா 408 ரூபாய். மீதி 242 யாருக்கு அண்ணாச்சி?"

அவர் கோபப்படவில்லை. "கையில தூக்கிப் பாருங்க தம்பி. வழவழத் தாள், கல்லு கனம். ப்ளேன்ல எடை போட்டுத்தான் காசு. அப்புறம் இறக்குமதி பண்றவர், ஏஜென்ட், நான்... மூணு பேர் சாப்பிடணும். அமெரிக்காவுல விக்காத காப்பியோட அட்டையைக் கிழிச்சு அனுப்பினாப் போதும், காசைக் கழிச்சுக்குவாங்க. எனக்கு அது கிடையாது. பத்து வந்தா நாலு தங்கிடும். அந்த நஷ்டம் வித்த ஆறு தலையில."

"நாலு ஏன் தங்குது?"

"நின்னுக்கிட்டே படிச்சு, முனை மடங்கி, திரும்ப வச்சா யாரு வாங்குவா?"

தினம் லஞ்ச் டயத்தில் அங்கே இரண்டு வருஷமாக நின்றவன் நான்.

பர்ஸில் 700 இருந்தது. மாசக் கடைசி. 650-ஐ எடுத்து நீட்டினேன். இரண்டு வருஷ ஓசிப் படிப்புக்கு ரொம்ப மலிவு!