ராயபுரத்தில் ஒரு டு-லெட் போர்டு

ராயபுரம்னதும் சென்னை ஹார்பர் பக்கம் வண்டியைத் திருப்பிடாதீங்க பாஸ். இது திருப்பூர் ராயபுரம். நம்ம ஏரியா! ஸ்டேஷன்ல இறங்கி, காதர்பேட்டை பனியன் கடைகளை வேடிக்கை பார்த்துக்கிட்டே நடந்தா வந்து சேர்ந்துடலாம்.

காலையில எட்டு மணிக்கு டீக்கடையில நின்னு பாருங்க. தமிழ், இந்தி, ஒடியான்னு காதுல விழும். நடுவுல, "மை ஃப்ரெண்ட், ஹவ் மச்?"னு கணீர்னு ஒரு குரல். நைஜீரியா வியாபாரிகள்! பல வருஷமா இங்க வந்து போறாங்க, வீடு எடுத்துத் தங்கறாங்க. எக்ஸ்போர்ட் ஆர்டர்ல மிஞ்சின சரக்கும், செகண்ட்ஸும்தான் அவங்க குறி. டி-ஷர்ட் கழுத்தை ஒரு இழு இழுத்துப் பார்த்து, வெளிச்சத்துல பிடிச்சு ஓட்டை தேடி, அப்புறம்தான் ரேட் பேசுவாங்க. பத்து வருஷம் செக்கிங் பார்த்த எங்க அம்மாவே அசந்துபோற அளவுக்கு அப்படி ஒரு கண்ணு!

இதே மாதிரி ஒரு ஏரியா சீனாவுலயும் இருக்கு. 2020 கணக்குப்படி சுமார் 1.87 கோடி பேர் வாழற குவாங்சோ நகரம். அங்கேயும் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்லயே பெரிய துணி மொத்த மார்க்கெட். ஷியாவ்பெய்ங்கற பகுதி முழுக்க ஆப்பிரிக்க வியாபாரிகள். 1990-களின் கடைசியில இருந்து வந்து தங்கினவங்க. 2009 ஜூலையில பாஸ்போர்ட் சோதனைக்குப் பயந்து ஒரு நைஜீரியர் ஜன்னல் வழியா குதிச்சுப் படுகாயம் ஆக, நூத்துக்கும் மேல ஆப்பிரிக்கர்கள் போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி திரண்டாங்க. 2020 ஏப்ரல் இன்னும் மோசம். சில நைஜீரியர்களுக்கு கொரோனான்னு செய்தி வந்ததும், வாடகை கொடுத்துக்கிட்டிருந்த ஆப்பிரிக்கர்களையே வீட்டுக்காரங்க வெளியே அனுப்பினாங்க. ஹோட்டல்லயும் ரூம் இல்லை. நிறைய பேர் ரோட்டுலயே படுத்தாங்க. கறுப்பின மக்களுக்கு அனுமதியில்லைன்னு நோட்டீஸ் ஒட்டின ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்காக, அந்த நிறுவனம் மன்னிப்பு கேட்டுச்சு.

'சே, நம்ம ஊர்ல இப்படியெல்லாம் நடக்குமா?'ன்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடலை. ஏன்னா...

போன வருஷம் எங்க மாடி வீடு காலியாச்சு. புரோக்கர் ஒரு நைஜீரியரைக் கூட்டிட்டு வந்தார். வீட்டுல இங்கிலீஷ் பேசற ஒரே ஆள் நான்தானே! "ஆள் வந்துட்டாங்கன்னு சொல்லுடா"ன்னார் அப்பா. சொன்னேன். என் தலைக்கு மேலேயே டு-லெட் போர்டு தொங்கிக்கிட்டிருந்துச்சு. அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "நோ ப்ராப்ளம், மை ஃப்ரெண்ட்"னு சிரிச்சிட்டு இறங்கிப் போயிட்டார்.

அப்பாவோட பயம் மொத்தமும் பொய்யில்லை. வீசா முடிஞ்சும் தங்கினவங்க கைதான செய்திகள் இங்கே வந்திருக்கு. ஆனா அதுக்கு வழி இருக்கே! பாஸ்போர்ட், வீசாவை வாங்கிப் பார்த்துட்டு, வெளிநாட்டுக்காரர் தங்கறதை 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல அரசாங்கத்துக்குத் தெரிவிச்சா போதும். நாங்க அவர்கிட்ட பாஸ்போர்ட்டே கேக்கலை. முகத்தைப் பார்த்தோம், முடிஞ்சது.

இதுல காமெடி என்னன்னா, அப்பாவே வேடசந்தூர்ல இருந்து 1996-ல பிழைக்க வந்தவர். "எந்த ஊரு, என்ன ஆளுங்க?"ன்னு கேட்டுக் கேட்டு நாலு வீட்டுல கதவைச் சாத்த, ரெண்டு மாசம் கம்பெனி கட்டிங் டேபிள் மேலயே படுத்துத் தூங்கினாராம். அதை எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பார்! "அப்போ உங்களுக்கு நடந்ததும் இதுதானேப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. "அது வேற, இது வேற"ன்னுட்டு டிவி சவுண்டைக் கூட்டினார். மாடிக்கு தேனிக்காரக் குடும்பம் ஒண்ணு குடிவந்துடுச்சு.

ரெண்டு வாரம் முன்னாடி டீக்கடையில அதே மனுஷர். என்னைத் தெரிஞ்சுக்கிட்டு கையைத் தூக்கினார். பக்கத்துல போய், "அன்னிக்கு வீடு காலியாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன், ஸாரி"ன்னு தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "ஐ நோ"ன்னார். ரெண்டு டீ சொன்னேன். பர்ஸைத் தேடி எடுக்கறதுக்குள்ள, காசை அவரே கொடுத்துட்டார்.