கடலைவிடத் தாழ்ந்த வயல்கள்: ஆலப்புழாவுக்கு எப்போது போகலாம்?

ஆலப்புழா என்றதும் படகு வீடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதன் வாடகையைக் கேட்டதும், 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று பயணத்தையே கைவிட்டவர்கள் உண்டு. ஆனால், படகு வீட்டில் ஏறாமலே ஒரு விவசாயக் குடும்பம் இரண்டு நாள் சுற்றிப் பார்க்க அங்கே நிறைய இருக்கிறது.

ஊருக்கு மேற்கே அரபிக்கடல். கிழக்கே வேம்பநாட்டுக் காயலும் அதையொட்டிய குட்டநாடும். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகள் வந்து சேரும் பள்ளம் இது. இங்கே கடல் மட்டத்தைவிடச் சுமார் 2 மீட்டர் வரை தாழ்ந்த நிலத்தில் நெல் விளைகிறது. ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, 2013-ம் ஆண்டில் இதை உலகப் பாரம்பர்ய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

பயிரைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்

குட்டநாட்டின் முக்கியப் பட்டத்துக்குப் பெயர் 'புஞ்ச'. நம் ஊரில் புஞ்சை என்றால் மானாவாரி மேட்டு நிலம். அங்கே அது தண்ணீருக்குள் இருந்து மீட்டெடுத்த வயலில் விளையும் நெல். மழை ஓய்ந்ததும் வயலில் நிற்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு விதைப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் போனால் பச்சை வயல். மார்ச் மாதத்தில் போனால் அறுவடை. தமிழ்நாட்டிலிருந்து போகும் அறுவடை இயந்திரங்கள், படகில் ஏறி வயலுக்குப் போவதைப் பார்க்கலாம். அறுவடை முடிந்த தாளடியில் வாத்துகள் கூட்டம் கூட்டமாக மேயும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழைக் காலம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கி, மக்கள் ஊரைக் காலி செய்து முகாம்களுக்குப் போக வேண்டியிருந்தது. எனவே, குழந்தைகள், முதியவர்களுடன் போவோர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

முதல் நாள்: அரசுப் படகில் வயலுக்கு

சென்னையிலிருந்து காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாக ஆலப்புழாவுக்கு நேரடி ரயில் இருக்கிறது. தென் மாவட்டத்தினர் செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் போய் ரயில் மாறலாம்.

ஆலப்புழா படகுத் துறையிலிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை படகுகள் நெடுமுடி, காவாலம், கோட்டயம் என்று பல ஊர்களுக்கும் போகின்றன. உள்ளூர் மக்கள் பேருந்துபோலப் பயன்படுத்தும் படகுகள் இவை. கட்டணமும் குறைவு. படகிலிருந்து பார்த்தால் கால்வாயில் தண்ணீர் மேலேயும், கரைக்கு அந்தப் பக்கம் வயல் கீழேயும் இருப்பது தெளிவாகத் தெரியும்.

கரைகளுக்குள் அடங்கிய வயல் தொகுதியைப் 'பாடசேகரம்' என்கிறார்கள். கரை ஓரிடத்தில் உடைந்தாலும் அத்தனை பேரின் பயிரும் போய்விடும். அதனால் கரையைக் காப்பதும், தண்ணீர் இறைப்பதும், விதைக்கும் தேதியைக் குறிப்பதும் கூட்டு முடிவுதான். இறைப்பதற்கு, 'பெட்டியும் பறையும்' என்ற மரத்தாலான பழைய பம்ப் இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. அதற்கு முன்பு, மனிதர்கள் காலால் மிதித்துச் சுற்றிய சக்கரங்கள்தான் இந்த வேலையைச் செய்தன.

மதியத்துக்கு மேல் சங்கனாச்சேரி சாலையில் மங்கொம்பு போகலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே உள்ளது. குட்டநாட்டில் பரவலாகப் பயிராகும் 'உமா' ரகம் இங்கே உருவானது. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, குழுவாகப் போவது நல்லது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் பூர்வீக ஊரும் இதுவே. அவர் பெயரில் உள்ள 'எம்', மங்கொம்பைத்தான் குறிக்கிறது.

மாலையில் ஆலப்புழா கடற்கரை. அங்கே 1862-ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும், பழைய துறைமுகத்தின் கடல்பாலத் தூண்களும் உள்ளன.

இரண்டாம் நாள்: உப்பைத் தடுக்கும் கதவுகள்

காலையில் கலவூர் கயிறு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, வடக்கே தண்ணீர்முக்கம் போகலாம். கோடையில் கடல்நீர் காயலுக்குள் ஏறி நெல்லைக் கருக்காமல் இருக்க, 1970-களில் கட்டப்பட்ட தடுப்பணை இங்கே இருக்கிறது. வழக்கமாக டிசம்பர் நடுவில் கதவுகளை அடைத்து, அறுவடை முடியும் சமயத்தில் திறப்பார்கள்.

நெல்லுக்குக் காவலான இந்தக் கதவு, மீனவர்களுக்கு இடைஞ்சல். உப்புநீரும் நன்னீரும் கலந்தால்தான் இறாலும் பல மீன்களும் பெருகும். அணை அடைபட்டால் அவற்றின் போக்குவரத்து நின்றுவிடும். தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை மண்டும். வயலில் இடும் உரமும் பூச்சிமருந்தும் அங்கேயே தங்கும். ஏதோ ஒரு பாடசேகரத்தில் விதைப்பு தள்ளிப்போனால், அறுவடையும் தள்ளிப்போகும். கதவு திறப்பதும் தள்ளிப்போகும். 'சீக்கிரம் திறங்கள்' என்று மீனவர்களும், 'கதிர் வீட்டுக்கு வரட்டும்' என்று விவசாயிகளும் மல்லுக்கு நிற்பது அடிக்கடி நடப்பதுதான். இரண்டு தரப்பிடமும் பேசிப் பார்க்க வேண்டும். கடல்நீர் உள்ளே ஏறும் நாகை, திருவாரூர் கடைமடைப் பகுதி விவசாயிகளுக்கு இந்தப் பேச்சு மிகவும் பயன்படும்.

திரும்பும் வழியில் முகம்மா படகுத் துறையிலிருந்து பாதிராமணல் தீவுக்குப் படகில் போகலாம். பறவைகள் நிறைந்த சிறு தீவு அது. வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

கவனிக்க வேண்டியவை

* படகு நேரத்தை முந்தின நாளே துறையில் கேட்டுக்கொள்ளவும். கடைசிப் படகைத் தவறவிட்டால் சாலை வழியே சுற்றி வர வேண்டியிருக்கும்.
* வயல் கரைகள் குறுகலானவை. இரு பக்கமும் தண்ணீர் என்பதால் குழந்தைகளைத் தனியாக விடக் கூடாது.
* மார்ச் மாதத்தில் வெயிலும் புழுக்கமும் அதிகம். குடிநீரும் தொப்பியும் அவசியம்.
* பிளாஸ்டிக் குப்பையைக் காயலில் போட வேண்டாம். அந்தத் தண்ணீர்தான் வயலுக்கும் போகிறது.