வர்த்தக சங்கம் முதலாளிகளுக்கு மட்டுமா?



தோட்டப் பள்ளி ஆசிரியர் என்றால் பாடம் நடத்துவதோடு வேலை முடிந்தது என்று பட்டணத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். உங்களுக்கு விஷயம் தெரியும். சொக்சோ பாரம் நிரப்ப வேண்டும், அடையாள அட்டை தொலைந்தால் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும், மலாயில் வரும் கடிதம் எதுவானாலும் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். அப்படித்தான் சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், எங்கள் தோட்டத்தில் முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் மகள் என்னிடம் படித்தவள்.

"சார், இந்தக் கடுதாசி என்னா சொல்லுதுன்னு பாருங்க. எனக்குக் கையெல்லாம் நடுங்குது."

பயப்படும்படியான கடிதம் அல்ல. பட்டணத்துப் பேரங்காடி ஒன்று அவருடைய முறுக்கை மாதம் 300 பாக்கெட் வாங்கிக்கொள்ளத் தயார் என்று எழுதியிருந்தது. ஆனால் அதற்குக் கீழே கேள்விகள் வரிசையாக இருந்தன. வணிகப் பதிவு எண் என்ன? உணவு தயாரிக்கும் இடம் பதிவு செய்யப்பட்டதா? பாக்கெட்டில் லேபிள் உண்டா? கடைசி வரிதான் என்னையும் திடுக்கிட வைத்தது: சரக்கு வந்து 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார்களாம். மாவும் எண்ணெயும் கடனுக்கு வாங்கிச் சுடுகிற பெண், 60 நாள் எப்படித் தாக்குப்பிடிப்பார்?

பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "மாநில இந்தியர் வர்த்தக சங்கத்தில் கேட்டுப் பார்ப்போமா அக்கா?" என்றேன்.

"அது தவுக்கேமாருங்க போற இடம் சார். நம்மள உள்ள விடுவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் அதே எண்ணம்தான் இருந்தது. பத்திரிகையில் கோட்டு சூட்டோடு விருந்தில் நிற்கும் படங்களைத் தவிர, வர்த்தக சங்கத்தைப் பற்றி எனக்கு வேறென்ன தெரியும்?

அன்றிரவு என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. அவர் பால்மரம் வெட்டியவர். இப்போது எங்கள் தோட்டம் முழுவதும் செம்பனைதான். அவர் காலத்தில் எங்கு பார்த்தாலும் கித்தா மரம். மாலையில் கிராணியைப் பார்த்தால், "இன்னிக்கு என்னா வெலைங்க?" என்று கேட்பாராம். ரப்பர் விலையோடு சேர்த்துக் கூலியைக் கணக்கிட்ட காலமும் உண்டல்லவா? கேட்கத்தானே செய்வார். "சிங்கப்பூர்லேர்ந்து இன்னும் வரல" என்று கிராணி சொல்வாராம். விலையை யாரோ கப்பலில் ஏற்றி அனுப்புவதாக நான் சிறு வயதில் நினைத்திருந்தேன்!

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூர் வர்த்தக சங்கம் 1837-ல் தொடங்கப்பட்டது. நம் நாட்டு ரப்பர் முதலில் லண்டனுக்குப் போய்த்தான் ஏலத்தில் விலை போனது. 1911-ல் அந்த வர்த்தக சங்கத்தைச் சேர்ந்த வணிகர்கள் ரப்பர் சங்கம் ஒன்றை அமைத்துச் சிங்கப்பூரிலேயே ஏலம் நடத்தத் தொடங்கினார்கள். தரம் பார்ப்பதும் தகராறு தீர்ப்பதும் வணிகர்கள் கூடி வகுத்த விதிப்படிதான். தாத்தா பால் எடுத்தார். விலை பேசியவர்கள் வேறோர் அறையில் இருந்தார்கள். விலை சரிந்தபோது அந்த அடி எங்கே விழுந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1930 முதல் 1932 வரை நம்மவர்கள் பல்லாயிரம் பேர் வேலையிழந்து கப்பலேறி ஊர் திரும்பினார்கள்.

அந்த அறைக்குள் நாம் எப்போது போவது? இந்த எண்ணம் வந்த பிறகு எனக்குத் தூக்கமில்லை. அடுத்த வாரமே அக்காவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் முறை போனது வீண். "என்ன கம்பெனி?" என்று அலுவலகத்தில் இருந்தவர் கேட்டார். "கம்பெனி இல்லீங்க, முறுக்கு" என்றார் அக்கா. அவர் சிரித்துவிட்டு, பொறுப்பாளர் இல்லை, பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் முறை மளிகை மொத்த வியாபாரம் செய்யும் வயதான உறுப்பினர் ஒருவர் இருந்தார். முறுக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே கடிதத்தைப் படித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். வியாபாரம் ஆரம்பித்த 30 நாளுக்குள் நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், பதிந்திருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனியாகக் கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. சமைக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். உணவைக் கையாளுகிறவர் பயிற்சிக்குப் போக வேண்டும், டைபாய்டு ஊசி போட வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்தவர் முகவரி எல்லாம் வர வேண்டும். இத்தனை நாளாக அக்கா சட்டத்துக்குப் புறம்பாக வியாபாரம் செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது!

60 நாள் பாக்கியைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் பேனாவை மூடினார். "அம்மா, நீங்க தனியா கேட்டா அவங்க காதுல விழாது. நாங்க கேட்டுப் பாக்குறோம்" என்றார். சங்கத்தின் கடிதத்தாளிலேயே ஒரு கடிதம் போயிற்று. பேரங்காடி 30 நாளுக்கு ஒப்பவில்லை. 45 நாளுக்கு இறங்கி வந்தது. முதல் மூன்று மாதம் 100 பாக்கெட் போதும் என்று அக்காவே குறைத்துக்கொண்டார். கடனில் மூழ்குவதைவிட அதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கும் பட்டது.

வர்த்தக சங்கத்தின் வேலை எது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒருவர் கேட்டால் விழாத காதில், நூறு பேர் சேர்ந்து கேட்டால் விழும். பெரிய அளவில் நடப்பதும் இதுவே. மாநில இந்தியர் சங்கங்களுக்கெல்லாம் தலைமைச் சங்கமாக 1950-ல் அமைந்தது இன்று மைக்கி என்று நாம் சொல்லும் சம்மேளனம். முடிதிருத்தும் கடை, நகைப் பட்டறை, ஜவுளிக்கடை ஆகியவற்றுக்கு ஆள் கிடைக்காமல் நம்மவர்கள் பல ஆண்டு தவித்தது உங்களுக்குத் தெரியும். சங்கங்கள் விடாமல் கேட்டு வந்தன. 2023-ல் இந்த மூன்று தொழிலுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்க அனுமதிப்பதாக அரசு அறிவித்தது. ஒரு தனி முடிதிருத்தும் கடைக்காரர் புத்ராஜெயா வாசலில் போய் நின்றிருந்தால் இது நடந்திருக்குமா?

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முதல் நாள் சிரிப்பு இன்னும் என் மனத்தில் இருக்கிறது. கூட்டத்தை வேலை நாளில் பட்டணத்து ஹோட்டலில் வைத்தால் புட்டுமாயம் விற்பவர் எப்படி வருவார்? ஆனால் சிறு வியாபாரிகள் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தால், உள்ளே இருப்பவர்கள் தங்கள் கணக்கைத்தான் பேசுவார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? சந்தா கட்டுவது நமக்குப் புதிதல்ல. துன் சம்பந்தன் 1960-ல் தேச நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களையே வாங்கியவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள்தானே.

அக்காவின் உறுப்பினர் பாரத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். 'நிறுவனத்தின் பெயர்' என்ற இடத்தில் தம் பெயரையே எழுதச் சொன்னார். 30 வெள்ளி மிச்சம் என்றார். சந்தாப் பணத்தை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நானும் துணைக்கு வர வேண்டுமாம். எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பதில்தான் அவருக்கும் மகளுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.