மூன்று ஆறுகளின் ஊர் – 4: ஓக்லாந்து சுவரோரம்

சென்ற வாரம் இன்க்ளைன் ரயிலில் மலையேறி, பிட்ஸ்பர்க்கின் மூன்று ஆறுகளும் கூடும் முனையைப் பார்த்தோம். இந்த வாரம் ஆற்றங்கரையை விட்டு ஓக்லாந்து பகுதிக்குப் போகலாம். அங்கே கொடி படர்ந்த செங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. அக்டோபர் 13 மதியம் அதனருகே கூட்டம் கூடும் என்று சொல்லி என்னை அழைத்துப் போனவர் என் மகளின் பக்கத்து வீட்டுப் பெரியவர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பெரியவருக்குப் பொழுது விடிவதே பேஸ்பாலில்தான். செய்தித்தாளில் முதல் நாள் ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரைப் படித்து முடித்த பிறகுதான் மற்றப் பக்கங்கள். அப்புறம் தெருமுனை டைனரில் முட்டையும் காபியுமாக நாலைந்து நண்பர்கள் சேர்வார்கள். நேற்றைய ஆட்டத்தில் தொடங்கும் பேச்சு சற்று நேரத்தில் 1935க்குப் போய்விடும். அந்த ஆண்டு மே 25 அன்று பேப் ரூத் தன் கடைசி மூன்று ஹோம் ரன்களை அடித்தது இந்த ஊர் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில்தான். மூன்றாவது பந்து வலப்பக்கக் கூரையையே தாண்டிப் போனது. நண்பர்களில் ஒருவரின் அப்பா அன்று மைதானத்தில் இருந்தாராம். அப்பா சொன்னதை அவர் சொல்ல, மற்றவர்கள் புதிதாகக் கேட்பவர்கள்போல் கேட்கிறார்கள்.

1909 ஜூன் 30 அன்று திறந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டம் நடந்தது 1970 ஜூன் 28இல். பிறகு மைதானத்தை இடித்துவிட்டார்கள். இன்று அங்கே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள். வெளிச்சுவரின் ஒரு பகுதியும் கொடிக்கம்பமும் மட்டும் தப்பின. ஹோம் பிளேட்டை போஸ்வார் ஹால் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சுவர் இல்லாத இடத்தில் நடைபாதையில் செங்கல் கோடு பதித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் வழியே என்னை நடத்திச் சென்ற பெரியவர் ஓர் இடத்தில் நின்று, “பந்து போனது இதற்கு மேலேதான்” என்றார்.

அவர் சொன்னது 1960இல் அதே அக்டோபர் 13 அன்று நடந்த வேர்ல்ட் சீரீஸின் ஏழாவது ஆட்டத்தை. எதிரணி நியூயார்க் யாங்கீஸ். அவர்கள் வென்ற மூன்று ஆட்டங்களின் கணக்கு 16-3, 10-0, 12-0. தொடர் முழுக்க அவர்கள் எடுத்த ரன் 55. உள்ளூர் பைரேட்ஸ் எடுத்தது 27. ஆனாலும் ஆளுக்கு மூன்று வெற்றியோடு கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் 9-9. பைரேட்ஸ் தரப்பில் முதலில் பேட் பிடித்தவர் பில் மசெராஸ்கி. தடுப்பாட்டத்துக்குப் பெயர் போன செகண்ட் பேஸ்மேன். தனக்கு வந்த இரண்டாவது பந்தையே இடப்பக்கச் சுவருக்கு மேல் அனுப்பினார். மணி 3:36. ஏழாவது ஆட்டத்தின் கடைசி அடியாக ஒரு ஹோம் ரன் விழுந்து வேர்ல்ட் சீரீஸ் முடிந்தது அந்த ஒருமுறைதான். பெரியவருக்கு அப்போது பத்து வயது. வகுப்பு டீச்சர் தன் மேசைமேல் டிரான்சிஸ்டரை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் கேட்கவிட்டாராம்.

1985இல் ரசிகர் ஒருவர் அந்த ஆட்டத்தின் வானொலி ஒலிப்பதிவை எடுத்துவந்து இந்தச் சுவரோரம் தனியாக உட்கார்ந்து கேட்டார். வருடங்கள் போகப் போக ஆட்கள் சேர்ந்தார்கள். இன்று மடக்கு நாற்காலிகளும் பழைய தொப்பிகளுமாகச் சுவரோரம் நிறைந்துவிடுகிறது. ஒலிப்பதிவை மதியம் ஒரு மணிவாக்கில் தொடங்கினால் அந்த அடி சரியாக 3:36க்கு விழும்.

பெரியவர் மடியில் ஸ்கோர் தாளை வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். பீல்டர்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, ஃபர்ஸ்ட் பேஸ்மேன் 3, ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் 6-3. மூன்று ஸ்ட்ரைக்கில் ஆள் போனால் ‘கே’ என்ற எழுத்து. எட்டாவது இன்னிங்ஸில் தாளை என் பக்கம் திருப்பி, “ஒரு ‘கே’யாவது இருக்கா பாருங்க” என்றார். ஒன்றுகூட இல்லை. வேர்ல்ட் சீரீஸ் வரலாற்றில் ஸ்ட்ரைக்அவுட்டே இல்லாத ஒரே ஆட்டம் இதுதான்.

அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் யாங்கீஸ் ரசிகர், டைனர் நண்பர்களில் ஒருவர். தன் அணி தோற்பதைக் கேட்க வருடம் தவறாமல் வருகிறார். அந்தக் கடைசிப் பந்தை வீசியவர் ரால்ஃப் டெர்ரி. வர்ணனையாளர் சக் தாம்ப்சன் பரபரப்பில் ஆர்ட் டிட்மார் என்று சொல்லிவிட்டார். ஸ்கோரையும் 10-0 என்று சொல்லிப் பிறகுதான் 10-9 என்று திருத்தினார். அந்த இடம் வந்ததும் கூட்டம் முழுக்க “டெர்ரி!” என்று கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் யாங்கீஸ் ரசிகர்தான். பெரியவர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

துரியோதனன் விழுவான் என்று தெரிந்தேதான் நம் ஊர்களில் பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்காருகிறார்கள். இவர்களும் அப்படித்தான். முடிவு தெரிந்த ஆட்டத்தைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதில் இவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கேட்டவர்கள் அதைக் கேட்காதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எண்களைப் புத்தகம் காப்பாற்றிவிடும். ஆட்டம் எப்படி இருந்தது என்பதை இந்த மாதிரி நட்புகள்தான் காப்பாற்றுகின்றன. பேரக்குழந்தைகளை இழுத்து வந்திருந்த தாத்தாக்களைப் பார்த்தபோது எனக்கு இதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

காப்பாற்ற ஆள் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி உண்டு. கறுப்பினத்தவர் என்பதால் மேஜர் லீக் வாசல் ஜாஷ் கிப்சன் என்ற ஆட்டக்காரருக்குக் கடைசிவரை திறக்கவில்லை. 1947இல் இறந்த அவரை அலெகேனி கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1975 வரை அங்கே பெயர்க்கல்கூட இல்லை. கறுப்பினத்தவர் ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்குகள் மேஜர் லீக் கணக்கில் சேர்ந்த 2024இல், .372 என்ற பேட்டிங் சராசரியோடு அவர் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். அடுத்த வாரம் பெரியவரோடும் டைனர் நண்பர்களோடும் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம்.

(பயணம் தொடரும்)