178 ஓட்டுகளும் ஒரு எல்லைக்கோடும்

நகராட்சிக் கூட்டம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, வெளிநடப்பு... இவைதான். பொருள் வாசிக்கப்படும், "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார்கள், பாதிப் பேர் தலையாட்டுவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும். மறுநாள் பேப்பரில் நாலு வரி. இதில் அப்படி என்ன பெரிய விஷயம் இருந்துவிடப் போகிறது?

இருக்கிறது. கவுன்சிலர்கள் போட்ட ஓட்டால் ஒரு நாட்டின் எல்லையே மாறியிருக்கிறது. அதுவும் எங்கோ தூர தேசத்தில் இல்லை. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆரோவில்லுக்குப் பிரிகிற இடத்தில் இருக்கும் பெரிய முதலியார்சாவடியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த எல்லை அது.

பெரிய முதலியார்சாவடி தமிழ்நாட்டில் இருக்கிறது, கோட்டக்குப்பம் நகராட்சியைச் சேர்ந்தது. கோட்டக்குப்பம் முடிந்து முத்தியால்பேட்டை தொடங்கினால் புதுச்சேரி. இன்று அந்த இடத்தைத் தாண்டும்போது பெட்ரோல் விலை மாறும், அவ்வளவுதான். ஆனால் 1954 வரை அந்தப் பக்கம் பிரான்ஸ்! 1949-ல் சுங்க ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபிறகு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற சரக்குக்கெல்லாம் சோதனை. பேசுவது ஒரே தமிழ், பெண் கொடுப்பதும் எடுப்பதும் அக்கம்பக்கத்து ஊர்களில், நடுவில் மட்டும் இரண்டு அரசாங்கம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1880-லேயே இங்கு நகராட்சி முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர்களைச் சேர்த்து 'கொம்யூன்' என்று பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம், ஒரு மேயர். புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. தேர்தலில் அடிதடியும் கள்ள ஓட்டும் தாராளமாக நடந்தன என்பது வேறு கதை. ஆனாலும் மன்றம் என்று ஒன்று இருந்தது.

இந்தியா சுதந்திரம் அடைந்ததும் கேள்வி வந்தது. இந்தப் பகுதிகள் யாருக்கு? பிரான்சின் 1946 அரசியல் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அங்கே வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்படியானால் மக்களைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

வங்காளத்தில் இருந்த சந்தர்நாகூரில் நேரடியாகவே கேட்டார்கள். 1949 ஜூன் மாதம் பொது வாக்கெடுப்பு. இந்தியாவோடு சேர 7,473 ஓட்டு, எதிராக வெறும் 114. விஷயம் முடிந்தது.

புதுச்சேரியில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஓட்டு நியாயமாக நடக்குமா என்ற சந்தேகத்திலேயே வருஷங்கள் ஓடின. கடைசியில் 1954 மார்ச்சில் புதுச்சேரியும் சுற்றியுள்ள கொம்யூன்களும் தங்கள் மன்றங்களிலேயே தீர்மானம் போட்டன. பொது வாக்கெடுப்பு வேண்டாம், நேரடியாக இந்தியாவோடு சேர்க்க வேண்டும் என்று! சாலைக்கும் சாக்கடைக்கும் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று நினைக்கப்பட்டவர்கள் செய்த வேலை இது.

பிறகு இரண்டு அரசுகளும் ஒரு நடுவழி கண்டுபிடித்தன. ஒவ்வொரு குடிமகனையும் கேட்பதற்குப் பதிலாக, அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை உறுப்பினர்களையும் நகராட்சி உறுப்பினர்களையும் ஒரே இடத்தில் கூட்டிக் கேட்டுவிடலாம். 1954 அக்டோபர் 18-ந் தேதி, மங்கலம் அருகே கீழூர் என்ற சின்ன கிராமத்தில் கூடினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். இந்தியாவோடு சேர 170, எதிராக 8. மூன்று நாள் கழித்து டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது.

"178 பேர் சேர்ந்து லட்சக்கணக்கானவர்களின் நாட்டை முடிவு செய்யலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வார்டு வேலைக்காக ஓட்டு வாங்கிப் போனவரிடம், நாட்டை மாற்றுகிற அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லையே! ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கேட்பதற்கு அந்த 178 பேராவது இருந்தார்கள். எதிர்த்தவர்கள் எட்டே பேர் என்றாலும் அவர்களும் எண்ணப்பட்டார்கள். எழுபது வருஷம் கழித்தும் அந்த எட்டு மறையவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. கவுன்சிலர்களின் ஓட்டால் இந்தியாவுக்கு வந்த புதுச்சேரியில், 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 2006-ல்! முப்பத்தெட்டு வருஷம். அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. பிறகு மறுபடியும் அதிகாரிகள் நிர்வாகம். 2021-ல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்தத் தேர்தலும் நின்றுவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1992-லேயே சொல்லிவிட்டது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

கடற்கரைச் சாலையில் இருந்த பழைய 'மேரி' கட்டிடம், அதாவது நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். மாளிகை வந்துவிட்டது. அதில் உட்கார்ந்து ஓட்டுப் போட ஒரு மன்றம் அப்போது இல்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 2016-ல் காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் தேர்தல் நடந்தது. 2021-ல் நகராட்சியான கோட்டக்குப்பத்துக்கு முதல் கவுன்சிலர்கள் அப்படித்தான் கிடைத்தார்கள்.

கவுன்சிலர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. வடக்கே கடற்கரை அரிக்க ஆரம்பித்தது. அரிப்பு எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்கவில்லை, முதலியார்சாவடிப் பக்கத்து மீனவர் குப்பங்கள் வரை வந்துவிட்டது. துறைமுகத்தை முடிவு செய்தது அந்தப் பக்கம், மணலை இழந்தது இந்தப் பக்கம். ஒரு நகராட்சி மன்றம் எத்தனை தீர்மானம் போட்டாலும் கடலில் ஒரு கல் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

ஆனாலும், வலை காயப்போட இடமில்லாமல் போன ஒருவர் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். "எங்கள் தெருவில் கடல் வருகிறது" என்று அவர் சொல்வது கூட்டத்தில் ஒரு பொருளாகப் பதிவாக வேண்டும். ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எழுதப்பட வேண்டும். மன்றம் இல்லாத ஊரில் அவர் கொடுப்பது மனு. மன்றம் இருக்கும் ஊரில் அது ஒரு ஓட்டு. மனுவுக்கும் ஓட்டுக்கும் உள்ள வித்தியாசம் கீழூரில் தெரிந்தது.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், போன கூட்டத்தில் அவர் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒருவரே இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்!