தந்தை தந்த பிரதி

பரம்பரையலகு தாயிடமிருந்து வரினும் தந்தையிடமிருந்து வரினும் ஒரே வகையாகவே தொழிற்படும் என்பது மெண்டல் வழிவந்த பாடம். 1984 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானி குழுவினரும், பிலடெல்பியாவில் மக்கிராத், சொல்டர் ஆகியோரும் செய்த சோதனைகள் அதனை அசைத்துவிட்டன. கருக்கட்டிய சுண்டெலி முட்டையில் ஆண் கரு, பெண் கரு இரண்டில் ஒன்றை அகற்றி, வேறொரு முட்டையின் கருவை அதனிடத்தில் வைத்தனர். இரண்டும் தாய்வழிக் கருக்களாயின் முளையம் ஓரளவு உருப்பெற்றது, சூல்வித்தகமோ நலிந்தது. இரண்டும் தந்தைவழியாயின் சூல்வித்தகத்துக்குரிய இழையம் செழித்தது, முளையம் குன்றியது. எதுவும் பிறக்கும்வரை வாழவில்லை.

1991 இல் ஓர் அலகே அகப்பட்டது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி 2 என்பது அதன் பெயர். அதன் பழுதுபட்ட பிரதியைத் தந்தையிடம் பெற்ற குட்டிகள் இயல்பு நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கே இருந்தன. அதே பழுது தாய்வழி வந்தபோது யாதொரு குறையுமில்லை. தாயின் பிரதி முன்னரே உறங்கிக் கிடக்கின்றது! எழுத்தில் வேறுபாடில்லை, விந்து உருவாகும்போது இடப்படும் மெதைல் அடையாளமே வேறு. மனிதரிலும், கருவில் வளருங்காலத்தில், இவ்வலகின் தந்தைவழிப் பிரதியே தொழிற்படுகின்றது. சிசு சிறுத்துப் பிறந்தால் தாயொருத்தியையே குறைகூறும் பாட்டிமார் இதனைக் கேட்கவேண்டும்.

2004 இல் டோக்கியோவில் தொமொஹிரோ கோனோ குழுவினர் ஓர் இளம் முட்டையில் இவ்வலகு விழித்தெழ வழிசெய்து, அதனை மற்றொரு முட்டையுடன் இணைத்தனர். தந்தையின்றி இரு தாயருக்குப் பிறந்த அச்சுண்டெலிக்குக் ககுயா எனப் பெயரிட்டனர். அது வளர்ந்து குட்டிகளும் ஈன்றது.